இஞ்சின் போயிட்டு, நம்பர் இரிக்கி

 

போன கிழமை எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வாட்டர் பம்ப் களவு போனது. மிளகுக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவதற்காகக் கடன்பட்டு வாங்கியது. உரிமையாளர் முறைப்பாடு செய்யப் போனார், துணைக்கு நானும் போனேன். அங்கு கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" அவருக்குத் தெரியவில்லை. பம்பின் நிறம் சொன்னார், கம்பனிப் பெயர் சொன்னார். அதே நிறத்தில் அதே கம்பனிப் பம்ப் இரத்தோட்டையிலிருந்து மாத்தளை வரை எத்தனை தோட்டங்களில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு கடற்கரையும் ஒரு முதியவரும்தான் நினைவுக்கு வந்தார்கள். மலைநாட்டில் இருந்துகொண்டு ஏன் கடலைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், கடைசியில் இந்தப் பம்புக்கே வருகிறேன்.

1998 இல் எனக்கு முதல் நியமனம் கற்பிட்டிப் பக்கம் கிடைத்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு மாணவனின் வாப்பும்மாவும் அப்பாவும் கிடுகுக் கொட்டிலில் இருந்தார்கள். ஒரு நாள் அந்த அப்பா பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு கடதாசியை எனக்குக் காட்டினார். 1982 இல் கடனுக்கு வாங்கிய 8 குதிரைவலு இஞ்சினின் ரசீது. மை மங்கியிருந்தது. ஆனால் இஞ்சின் இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அவர் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது: "இஞ்சின் போயிட்டு சேர், நம்பர் இரிக்கி."

அந்த இஞ்சின் என்ன பொருள், அதை ஏன் அவ்வளவு காலம் மறக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் இஞ்சின் வராத காலத்தைப் பார்க்க வேண்டும்.

அப்போது கரையில் இருந்தவை கட்டுமரம், வள்ளம், வத்தை. பாயும் துடுப்பும்தான் வலு. கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்து, கயிற்றை அவிழ்த்து, மரங்களைக் காய விடுவார்கள். வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டு, பாயையும் சுக்கானையும் துடுப்பையும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். களவு எடுக்க வருபவனுக்குக் கரையில் எஞ்சியிருப்பது நாலைந்து பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத மரம். அப்படியே கொண்டு போனாலும் விற்க முடியாது. ஒவ்வொரு வள்ளமும் கையால் செய்தது. அதன் வளைவையும் ஒட்டையும் பார்த்தே இது இன்னாருடையது என்று பக்கத்துக் கரையும் சொல்லிவிடும். அந்தக் காலத்தில் படகுக்கு அடையாள அட்டை அதன் உருவம்தான்.

இந்த நிலைமையை மாற்றியது ஒரு சின்ன இயந்திரம். நோர்வேயில் பிறந்து சிறு வயதில் அமெரிக்காவுக்குப் போன ஒலே எவின்ரூட் என்பவர், 1909 இல் மில்வாக்கி நகரில் படகின் பின்பக்கத்தில் மாட்டிக் கழற்றும் இஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போய், திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டதால்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பிறகு ஜப்பான் கம்பனிகள் இதில் இறங்கின. யமஹா தன் முதல் வெளியிணைப்பு இஞ்சினை 1960 இல் விற்றது, சுசுகி 1965 இல். மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய மலிவான இஞ்சின்கள் வந்ததும் ஆசியாவின் ஏழை மீனவனுக்கும் அது எட்டும் பொருளானது.

எங்கள் நாட்டுக் கதையிலும் ஒரு நோர்வேத் தொடர்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரம் என்பவரின் முயற்சியில், 1967 இல் சீ-நோர் என்ற திட்டம் வடக்கில் தொடங்கியது. காரைநகரில் பைபர் படகு கட்டும் தளம் வந்தது. அதே காலப்பகுதியில் தெற்கிலும் மேற்கிலும் சுமார் 17 அல்லது 18 அடி நீளமான பைபர் படகுகள் பரவின. அரசாங்கக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், சம்மாட்டியிடம் கடன் என்று எப்படியோ ஒரு இஞ்சின் வாங்கிவிட வேண்டும் என்பது கரையோரக் குடும்பங்களின் கனவானது. காற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தூரம் போகலாம். மீன் கெடுவதற்கு முன் திரும்பலாம். எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்த கருவாட்டிலும் அந்த இஞ்சினுக்கு ஒரு பங்கு உண்டு.

ஆனால் கூடவே ஒரு பயமும் வந்தது. ஒரு குடும்பத்தின் முழு முதலும் இப்போது ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஒரு பொருளுக்குள் போய்விட்டது. அது படகோடு சேர்ந்திருப்பது இரண்டு திருகாணிகளால் மட்டும். கையால் திருகினால் கழன்று வரும். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்துவிடலாம். தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்தது என்பதால் வள்ளத்தைப் போல உருவத்தை வைத்து அடையாளம் சொல்லவும் முடியாது. இன்னொரு கரையில் இன்னொரு படகில் மாட்டினால் அது அந்தப் படகின் இஞ்சின்.

கரையோர மக்கள் இதற்குச் சும்மா இருக்கவில்லை. நான் கற்பிட்டியில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, கடலால் வந்ததும் இஞ்சினைக் கழற்றுவார்கள். ஒரு தடியில் கட்டி இரண்டு பேர் தோளில் சுமந்து வாடிக்கோ வீட்டுக்கோ கொண்டு போவார்கள். எண்ணெய்த் தாங்கியும் குழாயும் கூடவே போகும். சில வீடுகளில் மனிதர் படுக்கும் அறையில்தான் இஞ்சின் நிற்கும். மண்ணெண்ணெய் மணத்தோடுதான் பிள்ளைகள் தூங்கும்.

இரண்டாவது, பாரமான இஞ்சினைத் தினமும் தூக்க முடியாதவர்கள் படகின் பின்பலகையில் துளையிட்டு போல்ட் போட்டு இறுக்குவார்கள். திருகாணிகளின் கைபிடி இரண்டையும் சேர்த்து ஒரு இரும்புப் பட்டத்தைக் கொளுவிப் பூட்டும் போடுவார்கள்.

மூன்றாவது, முறை வைத்துக் காவல். வாடியில் ஒருவராவது படுப்பார். நாய் குரைத்தால் எல்லாரும் எழும்புவார்கள்.

நான்காவது, அடையாளம். மூடியில் பெயின்றால் பெயரோ பூவோ பிறையோ சிலுவையோ கீறுவார்கள். மூடியைக் கழற்றி எறிந்தால் அந்த அடையாளமும் போய்விடும் என்று தெரிந்த அனுபவசாலிகள், உள்ளே யாருக்கும் தெரியாத ஓரிடத்தில் உளியால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள்.

இந்தக் கடைசி யோசனையைப் படித்த உலகமும் பின்பற்றுகிறது. அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு செய்யப்பட்ட ஒவ்வொரு படகுக்கும் 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாளக் குறி கட்டாயம். பின்னாளில் அதே குறியை இரண்டாவது தடவை மறைவான இடத்திலும் பதிக்க வேண்டும் என்று விதி வந்தது. எங்கள் நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகளைப் பதிவு செய்ய வேண்டும். படகின் பக்கத்தில் பெரிய எழுத்தில் நீங்கள் காணும் இலக்கம் அதுதான். அதைப் பார்த்தால் எந்த வகைப் படகு, எந்த மாவட்டம் என்று தெரியும். ஆனால் அது படகின் உடலில் எழுதிய இலக்கம். இஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனால் அது கரையிலேயே நின்றுவிடும். இஞ்சினோடு போவது இஞ்சினில் பதித்த இலக்கம் மட்டுமே. அதை உரிமையாளர் எழுதி வைத்திருந்தால்தான் பயன்.

பூட்டு, போல்ட், காவல் எல்லாம் ஒரு கள்ளனைத் தடுக்கும். ஊரே பெயர்ந்தால் அவை எதற்கும் உதவாது.

1990 ஒக்டோபர் கடைசியில் அதுதான் நடந்தது. விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார் தீவில் சில நாட்கள். ஏறக்குறைய 75,000 பேர் தங்கள் மண்ணை விட்டு வந்தார்கள். மன்னார் தீவின் மக்களில் பெரும்பகுதியினர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். விட்டு வந்தவற்றில் வீடு, காணி, கடை, மாடு மட்டுமல்ல, படகும் வலையும் இஞ்சினும் இருந்தன. பூட்டிய பூட்டுக்குச் சாவி இவர்களின் இடுப்பில் இருந்தது, பூட்டு இருந்த வீடு யார் கையிலோ.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. யுத்த காலத்தில் படகை இழந்தது முஸ்லிம்கள் மட்டுமல்ல. தமிழ் மீனவர்களின் படகுகள் எரிந்தன, கடல் மூடப்பட்டது, இஞ்சினின் குதிரைவலுவுக்குக்கூடக் கட்டுப்பாடு வந்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அவர்களும் கரையில் எதையாவது விட்டுத்தான் போனார்கள். யார் எடுத்தாலும் இழந்தவன் வீட்டில் அடுப்பு எரியாது.

கற்பிட்டியில் அந்த அப்பாவிடம் நான் கேட்டேன், அந்த ரசீதால் இனி என்ன பிரயோசனம் என்று. அவர் கோபிக்கவில்லை. "எனக்கு ஒரு இஞ்சின் இருந்தது என்டதுக்கு இதுதான் சேர் சாட்சி. இது இல்லாட்டி நான் கூலிக்காரனாவே பிறந்தவன் என்டு என்ட பேரன் நினைப்பான்" என்றார். பாடப் புத்தகத்தில் நான் படிப்பித்த வரலாற்றை விட அந்த ஒரு வசனம் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது கடதாசியின் அருமையை முழு நாடும் கண்டது. நாட்டின் மீன்பிடிப் படகுகளில் பாதிக்கு மேல் அழிந்தன அல்லது சேதமாயின. உதவி குவிந்தது. யார் உண்மையான படகுக்காரன் என்று பிரித்தறிவது பெரும் பாடானது. சில கரைகளில் சுனாமிக்கு முன் இருந்ததை விட அதிகமான படகுகள் வந்து நின்றன, கடலையே அறியாதவர்களுக்கும் படகு கிடைத்தது, தொழில் செய்தவர்களில் சிலர் வெறுங்கையோடு நின்றார்கள். பதிவும் ரசீதும் கையில் இருந்தவருக்குத் தன் இழப்பைச் சொல்ல ஒரு வழியாவது இருந்தது.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதே ஆண்டில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. இஞ்சின் இறக்குமதிப் பொருள். ஒன்று போனால் இன்னொன்று வாங்குவது பல குடும்பங்களுக்கு இனி நடக்காத காரியம். பாக்குநீரிணையின் அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். வேதாரண்யம் பக்கத்து மீனவர்கள், நடுக்கடலில் இலங்கைப் பக்கமிருந்து வந்தவர்கள் தாக்கி இஞ்சினையும் ஜிபிஎஸ்ஸையும் வலையையும் பறித்ததாகப் பல தடவை முறையிட்டிருக்கிறார்கள். 2023 ஓகஸ்ட்டிலும் அப்படிச் செய்தி வந்தது. இந்தப் பக்கத்தில் எங்கள் வடக்கு மீனவர்கள், இந்திய இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துப் போவதாக அழுகிறார்கள். இரு பக்கமும் இழப்பவன் சிறிய படகுக்காரன்.

பறித்த இஞ்சின் எங்கே போகிறது? யாரோ ஒருவர் விலை குறைவாக இருக்கிறது என்று வாங்குகிறார். வாங்குபவர் இல்லாவிட்டால் நடுக்கடலில் அந்த 40 கிலோவைத் தூக்க எவனும் மெனக்கெட மாட்டான்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊருக்கு வருகிறேன். இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் களுகங்கை நீர்த்தேக்கம். 2018 இல் மொரகஹகந்தவும் திறக்கப்பட்டது. எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே இன்று படகு வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படகு இல்லாத எங்கள் வீடுகளிலும் அதே மாதிரிப் பொருள் இருக்கிறது. வாட்டர் பம்ப், புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின். எல்லாம் ஒரே அச்சில் செய்தவை, ஒருவர் தூக்கக்கூடியவை, கடன்பட்டு வாங்கியவை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாடு வாங்கப் போகும்போது நாம் முதலில் கேட்பது என்ன? மாட்டின் பத்திரம் எங்கே, குறி சரியா என்றுதான். 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் அந்தப் பழக்கத்தை எங்களுக்குள் ஊறவைத்திருக்கிறது. பத்திரம் இல்லாத மாட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொட மாட்டோம். குர்பான் கூடுமா என்ற பயமும் இருக்கிறது. அதே நாம், பாதி விலைக்கு ஒரு பம்ப் வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் குற்றம்.

எனவே இன்று மஃரிபுக்குப் பிறகு ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள மெஷின்களின் இலக்கத் தகட்டை ஒரு படம் எடுங்கள். இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள், ரசீதையும் அதோடு வையுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓரிடத்தில் ஒரு கீறல் போடுங்கள். போனில் மட்டும் வைக்காதீர்கள், போனும் களவு போகும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே இந்தக் கிழமை வீட்டு வேலையாகக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை கொப்பியோடு வந்தால் ஏசாமல் உதவி செய்யுங்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் நேற்றுக் கடைக்குப் போய், பம்ப் வாங்கிய பழைய பில்லின் பிரதியைத் தேடி எடுத்து வந்துவிட்டார். அதில் இலக்கம் இருக்கிறது. பம்ப் இன்னும் கிடைக்கவில்லை. 3 குதிரைவலு, நீல நிறம், தகட்டுக்குக் கீழே ஒரு பக்கம் நெளிந்திருக்கும். யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். எனக்கு ஒரு கோல் எடுங்கள்.