அஞ்சு நிமிசம் தனியக் கதைக்காத பொம்பிளை

லண்டனுக்கு வந்த புதிதில் ஸ்ட்ரெதத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நாங்கள் நாலு பெடியள் இருந்தோம். அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த காலம். நாலு பேரிலும் என்னிடம் மட்டும்தான் ஒரு பழைய கார் இருந்தது. ஆனபடியால் தெரிந்த ஆக்களின் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் ஓட்டம் எனக்குத்தான்.

1990களின் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஒரு கலியாணத்துக்குப் பொம்பிளையை வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை. பொம்பிளை ஊரிலிருந்து வந்து மூன்று கிழமைதான். மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்து, ரெலிபோன் காட்டில் நாலைந்து தரம் கதைத்து, அதுவும் பக்கத்தில் தாய் தகப்பன் நிற்கக் கதைத்து முற்றான கலியாணம். எங்களில் அரைவாசிப் பேரின் கலியாணம் அப்படித்தானே நடந்தது.

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் சிவப்பு விளக்கு. பின் சீட்டில் கூறைச் சேலையோடும் தலை நிறையப் பூவோடும் இருந்த பிள்ளை திடீரென்று கேட்டாள்.

"அண்ணை, இப்ப நான் வேண்டாம் எண்டு சொன்னால் என்ன நடக்கும்?"

நான் கண்ணாடியில் பார்த்தேன். அழவில்லை. பகிடியும் விடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரித்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியம்மா முந்திக்கொண்டு, "விசர்க்கதை கதையாதை பிள்ளை. எல்லாப் பொம்பிளையளுக்கும் இந்த நேரம் இப்பிடித்தான் இருக்கும்" என்றா. பச்சை விளக்கு விழுந்தது. நான் காரை எடுத்தேன்.

அவ்வளவுதான் சம்பவம். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

பிறகு கனகாலம் கழித்துத்தான் எனக்கு ஒரு விசயம் தெரிய வந்தது. அதே ஸ்ட்ரெதத்துக்கு, 200 வருடங்களுக்கு மேலே முந்தி, அதே மாதிரி மாப்பிள்ளையோடு தனியக் கதைக்காமலே ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை கலியாணம் முடித்து வந்திருக்கிறார். ரூட்டிங் பெக் கொமன் பக்கம் நடக்கிறவர்கள் திரேல் ரோட் என்ற பெயர்ப்பலகையையும், டொக்டர் ஜோன்சன் அவெனியூ என்ற பாதையையும் கண்டிருப்பீர்கள். அந்த இரண்டு பெயருக்கும் பின்னால் நிற்கிறவர் இவர்தான். அவருடைய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பெயர் ஹெஸ்டர் லிஞ்ச் சால்ஸ்பரி. 1741இல் வேல்ஸில் பிறந்தவர். பழைய குடும்பம், பெரிய பெயர், ஆனால் கையில் காசு இல்லை. எங்கள் ஊரில் "இருந்து கெட்ட குடும்பம்" என்று சொல்வோமே, அது. ஒரே பிள்ளை. சின்ன வயதிலேயே லத்தீன் எல்லாம் படித்த கெட்டிக்காரி. குடும்பத்தில் வசதியாக இருந்தவர் சித்தப்பா, சேர் தோமஸ் சால்ஸ்பரி. பிள்ளை குட்டி இல்லாத அவருடைய சொத்து ஹெஸ்டருக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்தச் சித்தப்பாதான் மாப்பிள்ளை பார்த்தார். ஹென்றி திரேல். தேம்ஸின் தென்கரையில், சதர்க்கில், பெரிய பியர் வடிசாலையின் சொந்தக்காரர். ஸ்ட்ரெதத்தில் பெரிய வளவும் வீடும். ஒக்ஸ்போர்ட் படிப்பு. தாய்க்கு மாப்பிள்ளையை நன்றாகப் பிடித்துவிட்டது. தகப்பனுக்குத் துண்டாகப் பிடிக்கவில்லை. ஒரு பீப்பாய் பியருக்கு என் மகளை மாற்றுவதா என்று அவர் கொதித்தாராம். இதை ஹெஸ்டரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். 1762 டிசம்பரில் அந்தத் தகப்பன் திடீரென்று இறந்துபோனார். வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் இருந்த ஒரே ஆளும் இல்லை.

இதற்குள் சித்தப்பா ஒரு விதவையைக் கலியாணம் செய்கிற யோசனையில் இருந்தார். அதற்கு முதல் அண்ணன் மகளை ஒரு கரை சேர்க்க வேண்டும். 1763 ஒக்டோபர் 11ஆம் திகதி, லண்டன் சோஹோவில் உள்ள சென் ஆன்ஸ் தேவாலயத்தில் கலியாணம் நடந்தது. ஹெஸ்டருக்கு வயது 22. சித்தப்பா கூடப் போய்ப் பெண்ணைக் கைபிடித்துக் கொடுத்தார், ஸ்ட்ரெதம் வீட்டில் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டார், ஊருக்குத் திரும்பினார், தன்னுடைய விதவையைக் கட்டினார். பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது குறைவு.

இனி முக்கியமான இடம். தற்செயலாகக் கிடைத்த ஒரு ஐந்து நிமிடத்தைத் தவிர, கலியாணத்தன்று பின்னேரம் மட்டும் தான் திரேலோடு தனியாக ஒரு வார்த்தை கதைத்ததில்லை என்று ஹெஸ்டர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இதை வாசித்தபோது எனக்கு அந்தச் சிவப்பு விளக்குத்தான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரர் எல்லாம் காதலித்துத்தான் முடிப்பார்கள், பேச்சுக் கலியாணம் எங்கட ஆக்களின் பழக்கம் என்று நாங்களும் நினைக்கிறோம், அவர்களும் நினைக்கிறார்கள். ஸ்ட்ரெதம் பெரிய வீட்டுக் கலியாணமே பேச்சுக் கலியாணம்தான் ஐயா!

அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமா? சட்டப்படி சொல்லியிருக்கலாம். இங்கிலாந்தில் 1754இல் நடைமுறைக்கு வந்த கலியாணச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத்தான் தாய் தகப்பன் சம்மதம் தேவை. ஹெஸ்டருக்கு அந்த வயது தாண்டிவிட்டது. தேவாலயத்திலும் பாதிரியார், இவரைக் கணவனாக ஏற்கிறாயா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்பார். எங்களுடைய கலியாணத்தில் தகப்பன் தாரை வார்த்துக் கொடுப்பார், பெண்ணிடம் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தகப்பன் இல்லை, காசு இல்லை, சித்தப்பா கைகழுவ நிற்கிறார், தாய் இந்த மாப்பிள்ளைதான் என்று நிற்கிறா. அந்த நிலையில் கோயிலுக்குள் கேட்கிற கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்கிறது. கேள்வி கேட்பது வேறு, பதிலுக்கு இடம் விடுவது வேறு.

திரேல் ஏன் தன்னைத் தேர்ந்தார் என்பதும் ஹெஸ்டருக்குப் பிறகுதான் தெரிந்தது. பணக்கார மாப்பிள்ளை முதலில் வேறு பெண்களைக் கேட்டிருக்கிறார். மாரிகாலத்தில் வடிசாலைக்குப் பக்கத்தில், புகைக்கும் மணத்துக்கும் நடுவில் சதர்க்கில் குடியிருக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. சம்மதித்தது இவர் மட்டும்தான்.

அந்தக் கலியாணம் எப்படிப் போனது? திரேல் அடிக்கிற மனிசன் இல்லை. ஆனால் மனைவிக்கு வீட்டில் ஒரு வேலையும் கிடையாது. குசினிப் பக்கம் போகக்கூடாது. என்ன சமையல் என்பதே மேசைக்கு வந்த பிறகுதான் தெரியும். 1764க்கும் 1778க்கும் இடையில் 12 பிள்ளைகளைப் பெற்றார். வளர்ந்து ஆளானது நாலு பெண் பிள்ளைகள்தான். 1772இல் திரேல் புது முறையில் பியர் வடிக்கப் போய் வடிசாலை மூழ்கப் பார்த்தது. அப்போது தாயிடமும் தெரிந்தவர்களிடமும் கடன் புரட்டி அதைக் காப்பாற்றிக் கொடுத்ததே ஹெஸ்டர்தான்.

1765இல் அகராதி எழுதிய சாமுவேல் ஜோன்சன் அந்த வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பிறகு அங்கேயே அவருக்கு ஒரு அறை. 16 வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் ஒருவராக இருந்தார். ஓவியர் ரெய்னோல்ட்ஸ், எழுத்தாளர் ஃபனி பேர்ணி என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகள் எல்லாம் ஸ்ட்ரெதத்துக்கு வந்து போனார்கள். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த கை ஹெஸ்டருடையது. 1776இல் திரேல் ஆறு வெறும் கொப்பிகளை மனைவிக்கு வாங்கிக் கொடுத்தார். அவற்றில் ஹெஸ்டர் எழுதியதுதான் "திரேலியானா" என்ற நாட்குறிப்பு. 1942இல்தான் அது முழுதாக அச்சில் வந்தது. வெளியில் சொல்ல முடியாததை எல்லாம் எழுத ஒரு இடம் கிடைத்துவிட்டது.

1781 ஏப்ரலில் திரேல் இறந்தார். வடிசாலை 135,000 பவுணுக்கு விற்கப்பட்டது. ஹெஸ்டருக்கு வயது 40. அதற்குப் பிறகு நடந்ததுதான் ஊர் சிரித்த கதை. மூத்த மகள் குவீனிக்குப் பாட்டுப் படிப்பித்த கப்ரியேல் பியோட்சி என்ற இத்தாலிக்காரரில் ஹெஸ்டருக்கு விருப்பம் வந்துவிட்டது. அந்நியர். கத்தோலிக்கர். கூலிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். எங்கள் ஊரில் இதற்கு என்னென்ன சொல் சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். லண்டனும் அதையேதான் சொன்னது.

இந்தத் தடவை ஹெஸ்டர் என்ன செய்தார்? 1782இல் கொப்பியை எடுத்து, நான் ஏன் இவரைக் கட்டக்கூடாது என்று வழக்காடுகிற மாதிரி எழுதினார். குடும்பப் பெயர், பிள்ளைகள், சமயம், ஊர்வாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தார். 1783 தொடக்கத்தில் மகள்மாரும் நண்பர்களும் நெருக்க, பியோட்சியைப் போகச் சொல்லிவிட்டார். அவர் இத்தாலிக்குப் போனார். அந்த வருடமே கடைசிச் சின்னப் பிள்ளையும் இறந்தது. ஹெஸ்டர் நோயில் விழுந்து தேய்ந்துபோக, கடைசியில் குவீனியே மனம் இல்லாமல், அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று விட்டுக்கொடுத்தா.

1784 ஜூலையில் பியோட்சி திரும்பி வந்தார். செய்தி அறிந்த ஜோன்சன் ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளையும் சமயத்தையும் கைவிட்டாய் என்ற மாதிரி மிக மோசமான கடிதம். 16 வருடம் அந்தக் கையால் சாப்பிட்ட மனிசன். ஹெஸ்டர் மறுபடி எழுதினார். இவர் என் முதல் புருசனைவிடக் குறைந்த ஆள் இல்லை, இவரைப் பற்றி உங்கள் எண்ணம் மாறும்வரை எங்களுக்குள் கதை வேண்டாம் என்று. ஜோன்சன் பிறகு இரங்கி, நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினார். அதே டிசம்பரில் இறந்தும் போனார்.

ஜூலை 23இல் லண்டனில் கத்தோலிக்க முறைப்படியும், 25இல் பாத் நகரில் இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படியும் கலியாணம் நடந்தது. மகள்மார் ஒதுங்கினார்கள். ஃபனி பேர்ணியின் சிநேகம் முறிந்தது. பத்திரிகைகள் பகிடி பண்ணின. ஆனால் தேவாலயத்தால் திரும்பி வந்து ஹெஸ்டர் கொப்பியில் எழுதியது சந்தோசத்தை மட்டும்தான். 1809இல் பியோட்சி இறக்கும்வரை ஏறக்குறைய 25 வருடம் ஒன்றாக இருந்தார்கள். அவர் இறந்ததோடு ஹெஸ்டர் அந்தக் கொப்பியையும் மூடிவிட்டார். 1821இல் தானும் இறந்து, வேல்ஸில் அவர் கிடக்கிற ஊர்ச் சுடலையிலேயே அடக்கமானார்.

இரண்டு கலியாண நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஊருக்கெல்லாம் சந்தோசம், பொம்பிளையிடம் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவதில் ஊருக்கெல்லாம் கோபம், ஆனால் பொம்பிளை இரண்டு வருடம் தன்னைத் தானே கேட்டு முடித்துவிட்டா. சந்தேகம் என்பது கெட்ட சகுனம் இல்லை. நேரத்தோடு வெளியில் வந்தால் அது யோசனை. அடக்கி அடக்கி வைத்தால் அது கலியாண நாளில் காருக்குள் வந்து நிற்கும்.

அந்த இரண்டாம் கலியாணத்தில் எங்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. யுத்தத்தில் புருசனை இழந்த எத்தனையோ பெண்கள் எங்கள் மண்ணிலும் இருக்கிறார்கள், இங்கே புலம்பெயர்ந்தும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மறுமணம் செய்ய நினைத்தால் நாங்கள் ஜோன்சனை விட நல்ல கடிதமா எழுதுகிறோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இந்த நாட்டில் இப்போது சட்டங்கள் இருக்கின்றன. கட்டாயக் கலியாணத்தைத் தடுக்க 2007இல் சட்டம் வந்தது. 2014இல் அது குற்றமாக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023இலிருந்து 18 வயதுக்கு முதல் கலியாணமே இல்லை. நல்லது. ஆனால் அந்தப் பிள்ளையை ஒருவரும் வெருட்டவில்லை, கட்டிப்போடவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று, ஐயர் வந்தாயிற்று, 300 பேருக்குச் சாப்பாடு ஓடர் கொடுத்தாயிற்று. இப்படியான இடத்துக்குள் எந்தச் சட்டமும் வராது. தாய் தகப்பன்தான் வர வேண்டும். அதுவும் அன்றைக்கு இல்லை, மண்டபம் எடுக்க முதலே வந்து, "உனக்கு விருப்பமோ பிள்ளை? இல்லையெண்டால் இப்ப சொல்லு, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்று ஒருக்கா கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுக்கவும் வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது வேறு நகரத்தில் இருக்கிறா. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். எங்கேயாவது கொண்டாட்டத்தில் கண்டால் "அண்ணை சுகமோ" என்று சிரிப்பா. சந்தோசமாகத்தான் இருக்கிறா போலிருக்கிறது. பெரியம்மா சொன்னது சரியாகவும் இருக்கலாம். நான் கேட்டதில்லை. கேட்கிற உரிமை எனக்கு அன்றைக்குத்தான் இருந்தது. அன்றைக்கு என்னைத்தானே அவள் கேட்டாள்.

ஹை ரோட்டில் காரை ஓரமாக நிற்பாட்ட இடம் இருந்தது. நேரமும் இருந்தது. ஒரு அஞ்சு நிமிசம்.