பிம்ப்ளே சௌதாகர்: நிலம் சுருங்கிய ஒரு தக்காணக் கிராமம்

புனே நகருக்கு வடமேற்கே பவனா ஆற்றங்கரையில் இருக்கும் பிம்ப்ளே சௌதாகர், இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் அடங்கிய அடுக்குமாடிப் பகுதி. ஹிஞ்சவடி கணினி நிறுவனங்களுக்கு வேலைக்கு வருவோர் வாடகைக்கு வீடு தேடும் இடம். நூறாண்டுக்கு முன் அங்கே நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் உழுது பிழைத்தன. அவர்களுடைய வரவும் செலவும் கடனும் அச்சில் ஏறியதால்தான் அந்தச் சிற்றூர் இந்தியப் பொருளியல் வரலாற்றில் நிலைத்தது.

கணக்கெடுத்தவர் ஹெரால்டு மான். அசாம் தேயிலைத் தோட்டங்களில் வேதியியலராக இருந்துவிட்டு, 1907இல் புனே வேளாண் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர். கல்லூரி உதவியாளர்களுடன் அவர் நடத்திய ஆய்வு, 1917இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பொருளியல் வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது.

தக்காண உழவரின் துயரம் அரசுக்குப் புதிதல்ல. 1875 மே மாதம் புனே மாவட்டத்துச் சுபே சந்தையில் உழவர்கள் வட்டிக்கடைக்காரர்கள்மேல் பாய்ந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். கலவரம் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. விசாரணைக் குழு அமைந்தது. 1879இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. பழியின் பெரும்பகுதி சாவுகாரின் தலையில் விழுந்தது. மான் அதோடு நிற்கவில்லை. கடன் வாங்கும் குடும்பத்தின் நிலம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறதா என்று பார்த்தார்.

போடவில்லை. பழைய ஊர் ஆவணங்களைப் புரட்டி அவர் கண்ட கணக்கில், 1771இல் ஒருவர் கையில் இருந்த நிலம் சராசரியாக 40 ஏக்கர். 1818இல் அது பதினேழரை ஏக்கர். 1914-15இல் வெறும் 7. நிலம் வைத்திருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குப் பத்து ஏக்கர்கூட இல்லை. 156 உடைமையாளர்களின் நிலம் எழுநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றில் 463 துண்டுகள் ஒரு ஏக்கருக்கும் குறைவு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நல்ல மண்ணிலும் மட்ட மண்ணிலும் ஆளுக்குச் சரிபாதி கேட்பார்கள். அந்த நியாயமே வயலைக் கூறுபோட்டது.

ஊரார் எதை நம்பி வாழ்ந்தார்கள்? பக்கத்திலேயே கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை. அதைத் தாண்டினால் புனே நகரம். நகரத்துக் கூலி கிராமத்துக்குள் வந்தது. அந்தக் கூலியைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களுக்கு வரவு செலவுக்குப் போதவில்லை. தன் தேவையைத் தானே நிறைவுசெய்துகொள்ளும் கிராமம் என்று மேடைகளில் பேசப்பட்டது, குறைந்தது இங்கே, 1915லேயே இல்லை.

நகரத்துக்குத் தொலைவில் இருந்த ஊர்களுக்கு அந்தக் கூலியும் எட்டவில்லை. சக ஆய்வாளர் கனித்கருடன் சேர்ந்து மான் எழுதிய இரண்டாம் நூல் 1921இல் வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது வானம் பார்த்த பூமியான ஜாதேகாவ் புத்ருக். அங்கே தள்ளாடிய குடும்பங்கள் இன்னும் அதிகம். பத்தில் எட்டுக்கும் மேல். இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவருக்கே இந்த ஒப்பீட்டின் கூர்மை புலப்படும்.

கிராமத்தை இப்படி அளந்தவர் மான் மட்டுமல்ல. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் நடுமேற்கில் கிராமச் சமூகவியலர் சார்லஸ் கால்ப்பின் விஸ்கான்சினின் வால்வொர்த் மாவட்டத்தை ஆராய்ந்தார். எந்தப் பண்ணை வீட்டார் எந்த ஊரில் மளிகை வாங்குகிறார்கள், எந்தத் தேவாலயத்துக்கும் வங்கிக்கும் போகிறார்கள் என்று வரைபடத்தில் குறித்தார், 1915இல் வெளியிட்டார். அவர் தேடியது மக்கள் கூடும் எல்லையை. மான் தேடியது பற்றாக்குறையின் எல்லையை. சென்னையில் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி முதலிய ஊர்களுக்கு அனுப்பித் தொகுத்த நூல் 1918இல் வந்தது.

மானின் எண்களை மிகக் கூர்மையாகக் கையாண்டவர் அம்பேத்கர். சிறு நில உடைமை பற்றி 1918இல் எழுதிய கட்டுரையில், துண்டுகளை ஒட்டவைப்பதால் மட்டும் பயனில்லை என்றார். நிலத்தை நம்பி அளவுக்கு மீறி ஆட்கள் இருப்பதே நோய். தொழில்வளர்ச்சியே மருந்து என்பது அவர் வாதம். கிர்க்கிக் கூலியில் பிழைத்த ஊரின் கணக்கு அவர் பக்கமே பேசுகிறது என்று சொல்லலாம். ஆனால் அரசு முதலில் பிடித்துக்கொண்டது ஒட்டவைக்கும் வழியை: 1947இல் பம்பாய் மாகாணம் நிலத்துண்டாடல் தடுப்பு, ஒருங்கிணைப்புச் சட்டத்தை இயற்றியது.

அம்பேத்கர் சொன்ன மருந்தும் வந்தது, ஆனால் வேறு வேகத்தில். பிம்ப்ரியில் தொழிற்சாலைகள் எழுந்தன. பின்னர் ஹிஞ்சவடியில் கணினித் தொழில். ஆட்கள் நிலத்தை விட்டுப் போவதற்குள் நிலமே விலைபோனது. ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு மராத்தியில் ‘குண்டா’. மகாராஷ்டிர நகர்களின் ஓரங்களில் விளைநிலத்தைக் குண்டா குண்டாக வெட்டி அனுமதியில்லாமல் மனை போட்டு விற்றார்கள். அந்த மனைகளை முறைப்படுத்த மாநில அரசு 2001இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.