ஒரே கூலியை நம்பிய கடைத்தெரு: கோலார் தங்கவயல் தரும் பாடம்

குறு, சிறு தொழில்கள் நிலைபெறுவதற்கான காரணிகள் என்றால் கடன் வசதி, பயிற்சி, உரிமையாளரின் திறன் ஆகியவையே முதலில் பேசப்படுகின்றன. வாங்குவோரின் கைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற வினா பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது. அவ்வினாவைத் தவிர்க்க முடியாததாக்குவது கோலார் தங்கவயலின் வரலாறு.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியில் இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகக் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்க எல்லைக்குள் நிலமும் லைன் வீடுகளும் நிறுவனத்தின் பிடியில் இருந்தன. எனவே வணிகம் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வேரூன்றியது. மளிகைக்கடை, துணிக்கடை, தையற்கடை, உணவகம் எனத் தொழில்கள் பல. அவற்றின் வருவாய்க்கு ஊற்றோ பெரும்பாலும் ஒன்றே: சுரங்கக் கூலி. கடைக்காரர் நம்பிக் கடன் கொடுத்ததும் அடுத்த சம்பள நாளை எண்ணித்தான்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றிருந்தது. ஆழம் கூடச் செலவு ஏறியது. தாதுவின் தரமோ குறைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. கடைக்காரரின் திறனோ உழைப்போ அன்று குறைந்துவிடவில்லை. வாங்குவோரின் கூலியே நின்றது.

ஆயினும் ஊர் முற்றிலும் அழியவில்லை. 1964இல் நிறுவப்பட்ட பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒரு மாற்று ஊற்றாக இருந்தது. மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் இரயில்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரைப் பெங்களூருக்கு வேலைக்கு அழைத்துச் செல்கின்றன. அவர்கள் ஈட்டிவரும் ஊதியத்தின் ஒரு பகுதி உள்ளூர்க் கடைகளைத் தாங்குகிறது. அது பல முதலாளிகளிடமிருந்து வருவது என்பதே பழைய சுரங்கக் கூலிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு.

இச்சிக்கல் தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. திருச்சி பெல் ஆலையை நம்பி எழுந்த சிறு பற்றவைப்புப் பட்டறைகளும் ஆலையின் ஆணைகள் சுருங்கியபோது தத்தளித்தன. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள அரசு வகைப்பாடு, குறுந்தொழிலுக்கு முதலீட்டு வரம்பாக 2.5 கோடி ரூபாயையும் விற்றுமுதல் வரம்பாக 10 கோடி ரூபாயையும் வகுத்துள்ளது. அந்த விற்றுமுதல் ஒருவரிடமிருந்து வருகிறதா, பலரிடமிருந்து வருகிறதா என்பது அதன் அளவுகோலில் இல்லை. வளர்ச்சியை அளக்க விற்பனைத் தொகை போதும். நிலைபேற்றை அறிய அதன் ஊற்றுகளையும் எண்ண வேண்டும்.