இரண்டு நெஞ்சுவலி மருந்துகள்

வியாக்ராவின் கதையை எல்லாரும் சொல்லிட்டாங்க. ஃபைசர் நிறுவனம் இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் நெஞ்சுவலிக்காகச் சோதித்த மருந்து, நெஞ்சுக்குப் பெரிசா உதவாமல் வேறோர் இடத்தில் வேலை செய்தது. 1998 மார்ச்சில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. என்னை இழுத்தது அதைவிட நூறு வருஷத்துக்கும் மூத்த இன்னொரு நெஞ்சுவலி மருந்து.

அமைல் நைட்ரைட். பிரெஞ்சு வேதியியலாளர் பலார் 1844இல் தயாரித்தார். 1867இல் எடின்பரோ மருத்துவர் லாடர் பிரண்டன் அதை நோயாளிகளை முகரவைத்து வலியை நிறுத்தினார். (அவரும் 1844இல் பிறந்தவர்தான்.) பிறகு கண்ணாடிக் குப்பிகளில் வந்தது. நசுக்கினால் 'பாப்' என்று சத்தம் வரும், அதனால் பாப்பர்ஸ்.

1960இல் அமெரிக்காவில் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்றானது. நெஞ்சுவலியே இல்லாத இளைஞர்கள் வாங்கவும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறுபடி சீட்டு கேட்டார்கள். வியாபாரிகள் விடுவார்களா? வேதிப்பொருளைக் கொஞ்சம் மாற்றி பியூட்டைல் நைட்ரைட் ஆக்கி, 'அறை வாசனைப்பொருள்' என்று லேபிள் ஒட்டினார்கள். 1970களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் டிஸ்கோக்களில் அந்தச் சின்ன பாட்டில் கைமாறியது. தலை கிறுகிறுக்கும், உடம்பு சூடாகும், தசை தளரும்.

1981 ஜூனில் எய்ட்ஸ் பற்றி வந்த முதல் அமெரிக்க அறிக்கையில் இருந்த 5 ஆண்களும் முகரும் போதைப்பொருள் பயன்படுத்தியவர்கள். கொஞ்ச காலம் பாட்டில்மேலேயே சந்தேகம். 1983இல் பாரிஸில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள், பாட்டில் தப்பித்தது. ஒருமுறை வீணாகப் பயமுறுத்தப்பட்டவர்கள் அடுத்த எச்சரிக்கையை எப்படிக் கேட்டிருப்பார்கள்? நான் ஊகிக்கத்தான் முடியும்.

அடுத்தது வியாக்ரா. சியாபு எடுத்தால் ஆசை ஏறும், உறுப்பு ஒத்துழைக்காது. அதனால் சிலர் கூடவே மாத்திரையும் போட்டார்கள், பாட்டிலையும் முகர்ந்தார்கள். நான் மருத்துவன் இல்ல, பம்பும் வால்வும் பார்க்கிறவன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்றேன். நைட்ரைட் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகி, ரத்தக்குழாயை விரிக்கும் ஒரு பொருளை ஊறவைக்கும். வியாக்ரா அந்தப் பொருள் சிதையாமல் தடுக்கும். ஒண்ணு பைப்பைத் திறந்துவிடுது, இன்னொண்ணு வடிகாலை அடைக்குது. ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம், உயிரும் போகலாம்.

இந்த ஆபத்து மருந்து நிறுவனத்துக்குத் தெரியும். நைட்ரேட் மருந்துகளோடு சேர்க்காதே என்று முதலிலிருந்தே எழுதியிருந்தது. ஆனால் அது இதய நோயாளியை மனசில் வைத்து எழுதியது. "நெஞ்சுவலிக்கு மருந்து எடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டால், முப்பது வயசுக்காரன் இல்லை என்பான். பொய்யில்ல. அவன் பாட்டிலில் இருப்பது வாசனைப்பொருள்தானே. கேள்வியைத் திருத்தணும்னா தான் யாருடன் படுக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். தண்டனைச் சட்டம் 377பி பிரிவில் 20 ஆண்டு வரை சிறை என்றிருக்கும் நம்ம மலேசியாவில் யார் வாய் திறப்பார்?

இன்றைய வியாக்ரா துண்டுச்சீட்டில் 'பாப்பர்ஸ்' என்றே அச்சாகியிருக்கிறது. கையிலிருந்து கைக்கு ஒற்றை மாத்திரையாகப் போகும்போது அந்தச் சீட்டு கூடவே போவதில்லை.