மதுரையில் முடிவான உடை, மதுரைக்கே வந்து சேர்ந்த துணி

1/
மதுரைக்காரங்ககிட்ட ஒரு கேள்வி. தமுக்கம் மைதானத்துக்கு இதுவரைக்கும் எத்தனை தடவை போயிருப்பீங்க? சித்திரைப் பொருட்காட்சி, புத்தகத் திருவிழா, ராட்டினம், டெல்லி அப்பளம்னு கணக்கே இருக்காது. சரி, அதுக்குப் பக்கத்துலயே இருக்குற காந்தி மியூசியத்துக்கு? ஸ்கூல்ல வரிசையா கூட்டிட்டுப் போனதோட சரி. அப்படித்தானே?

வெட்கப்பட வேண்டாம். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

2/
இன்னிக்கு மருந்து, மாத்திரை, சுகர் பத்தியெல்லாம் பேசப் போறதில்ல. ஒரு கட்டடத்தைப் பத்தியும், அதுக்குள்ள இருக்குற ஒரு துணியைப் பத்தியும் பேசலாம். கொஞ்சம் நீளமான இழைதான். டீ இருந்தா எடுத்துட்டு வந்து உக்காருங்க.

3/
முதல்ல கட்டடம். வைகைக்கு வடகரையில, மாடிகளும் குவிமாடமும் வளைவுகளுமா வெள்ளையா நிக்குதே, அதுதான் தமுக்கம் அரண்மனை. நாயக்கர்கள் கட்டினது. கோடைக்காலத்துல வந்து தங்க ஒரு மாளிகை. முன்னாடி இருந்த திறந்த வெளியில யானைச் சண்டை, ஆட்டுக்கடாச் சண்டை, வீர விளையாட்டுகள் நடக்கும். அரச குடும்பம் மேல உக்காந்து பார்க்கும். இன்னிக்கு நாம ராட்டினம் சுத்துற மைதானத்தோட பழைய கதை அது.

4/
கட்டப்பட்ட காலம்னு பொதுவா 1670-ஐச் சொல்றாங்க. அப்போ ஆட்சியில இருந்தது சொக்கநாத நாயக்கர். ஆனா ஊர் வாயில இது "ராணி மங்கம்மாள் அரண்மனை". மங்கம்மாள் சொக்கநாதரோட மனைவி. கணவரும் மகனும் போன பிறகு, பேரன் கைக்குழந்தையா இருந்தப்போ, அவனுக்காக 1689 முதல் 1706 வரைக்கும் நாட்டை ஆண்டவர்.

அவர் பேர் சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது சாலையும் சத்திரமும்தான். மதுரை ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததும் எதிர்ல இருக்கே மங்கம்மாள் சத்திரம், அதே மங்கம்மாள்தான். வழிப்போக்கனுக்குச் சத்திரத்துல இடம் கொடுத்தவர். ஆனா அரண்மனைன்னு வந்தா அது அரண்மனைதான். வழிப்போக்கன் அதோட வாசல் பக்கம் போயிருக்க முடியாது.

5/
நாயக்கர் ஆட்சி 1736 வாக்குல முடிஞ்சுது. அப்புறம் நவாப், அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி. அரண்மனை வெள்ளைக்கார அதிகாரிகளோட பங்களாவா மாறுச்சு. பின்னாடி கலெக்டர் குடியிருந்ததும் இங்கதான். ஆட்கள் மாறினாங்க, வாசல் மாறல. மனு எடுத்துட்டு வர்ற விவசாயி கேட்டுக்கு வெளியில நிப்பான். கூப்பிட்டா உள்ள போவான்.

6/
1948-ல காந்தி கொல்லப்பட்ட பிறகு, நாடு முழுக்க மக்கள்கிட்ட நிதி திரட்டி "காந்தி ஸ்மாரக் நிதி"ன்னு ஒரு அமைப்பு உருவாச்சு. அவர் நினைவா நாட்டின் பல ஊர்கள்ல அருங்காட்சியகம் அமைக்கணும்ங்கிறது அதோட வேலைகள்ல ஒண்ணு. தெற்குல எங்க வைக்கலாம்னு வந்தப்போ அமைஞ்ச ஊர் மதுரை. 1955-ல அரசாங்கம் இந்த அரண்மனையை அதுக்காகக் கொடுத்துச்சு. 1959 ஏப்ரல் 15-ஆம் தேதி பிரதமர் நேரு வந்து திறந்து வெச்சார்.

அன்னிலேர்ந்து நுழைவுக் கட்டணம் கிடையாது.

7/
சரி, ஏன் மதுரை? இங்கதான் துணியோட கதை ஆரம்பிக்குது.

காந்தி மதுரைக்கு அஞ்சு தடவை வந்திருக்கார். ரெண்டாவது தடவை 1921 செப்டம்பர். மேலமாசி வீதி 251ஏ-ன்னு இருக்குற வீட்டு மாடியில தங்கினார். செப்டம்பர் 22-ஆம் தேதி அங்கேருந்து வெளிய வரும்போது சட்டை இல்ல, தொப்பி இல்ல, நீள வேட்டி இல்ல. முழங்காலுக்கு மேல நிக்குற ஒரு துண்டு வேட்டி மட்டும்.

8/
"ரயில்ல வரும்போது வயல்ல கோவணத்தோட நின்ன விவசாயியைப் பார்த்தார், உடனே மாத்திட்டார்"னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அவரே எழுதி வெச்சிருக்குற விவரம் அதை விட நீளமானது, எனக்கு அதை விடவும் பிடிச்சது.

இந்த எண்ணம் அவருக்கு வந்தது மதுரையில மூணாவது தடவை. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்து, ரெண்டு தடவையும் தன்னைக் கட்டுப்படுத்திக்கிட்டார்.

9/
முதல் தடவை வங்காளத்துல, பாரிசால்ங்கிற ஊர்ல. பக்கத்துல குல்னாவுல பஞ்சம். "அங்க ஜனங்க சோறும் இல்லாம துணியும் இல்லாம சாகுறாங்க, நீங்க இங்க துணியைக் கொளுத்துறீங்களே"ங்கிற மாதிரி ஒருத்தர் குத்திக் காட்டினார். அப்பவே சட்டையையும் வேட்டியையும் கழட்டி அங்க அனுப்பிடலாமான்னு தோணுச்சு. செய்யல.

ரெண்டாவது தடவை வால்டேர்ல. கூடவே பயணம் செஞ்ச மௌலானா முகமது அலியைப் போலீஸ் கைது பண்ணின அன்னிக்கு. அப்பவும் தோணுச்சு. நாடகம் போடுற மாதிரி ஆயிடுமோன்னு விட்டுட்டார்.

10/
மூணாவது, சென்னையிலேர்ந்து தெற்கே வந்த அந்தப் பயணம். அந்நியத் துணியை விடுங்க, கதர் கட்டுங்கன்னு போற இடமெல்லாம் சொல்றார். ஜனங்க திருப்பிச் சொன்ன பதில்: "கதர் வாங்கக் காசு இல்லீங்க."

அந்தப் பதில்ல இருந்த உண்மை அவரை நாலு நாள் தூங்க விடாத மாதிரி அரிச்சிருக்கு. காசில்லாதவன் என்ன பண்ணுவான்? "இடுப்புல ஒரு துண்டு போதும், அதோட சமாளிச்சுக்கோ"ன்னு சொல்லலாம். ஆனா முழுசா உடுத்திக்கிட்டு நின்னு அதை எப்படிச் சொல்றது?

11/
டாக்டரா எனக்கு இந்த இடம் நல்லாப் புரியும். "சிகரெட்டை விடுங்க"ன்னு நோயாளிகிட்ட சொல்ற டாக்டரோட சட்டைப் பையில சிகரெட் பாக்கெட் எட்டிப் பார்த்தா, அந்த அறிவுரைக்கு என்ன மதிப்பு?

12/
இன்னொரு விஷயம். முடிவெடுக்குறதுக்கு முன்னாடி கூட இருந்தவங்ககிட்ட தன் வேதனையைச் சொன்னதா காந்தி எழுதியிருக்கார். மௌலானா ஆசாத் சோபானி (அபுல் கலாம் ஆசாத் இல்ல, இவர் வேற), ராஜாஜி, டாக்டர் ராஜன். மௌலானாவுக்கு உடனே புரிஞ்சுது. மத்தவங்களுக்குச் சங்கடம். ஜனங்க தப்பா எடுத்துக்குவாங்க, பைத்தியம்னு கூட நினைப்பாங்கன்னு கவலை.

அந்த டாக்டர் ராஜன், திருச்சி டி.எஸ்.எஸ். ராஜன். நம்ம தொழில்தான். 1937-ல ராஜாஜி மந்திரிசபையில சுகாதார அமைச்சரா இருந்தவர். நான் அங்க இருந்திருந்தாலும் சங்கடப்பட்டவங்க பக்கம்தான் நின்னிருப்பேன்னு நினைக்கிறேன். அதுக்குக் காரணம் கீழே வருது.

13/
சுவாரசியம் என்னன்னா, அது நிரந்தர முடிவே இல்ல. அக்டோபர் 31 வரைக்கும்னுதான் அறிவிச்சார். அஞ்சு வாரம், அவ்வளவுதான் கணக்கு. ஆனா அந்தக் கெடு முடியவே இல்ல. 1931-ல லண்டன் போய் பக்கிங்ஹாம் அரண்மனையில ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பார்த்ததும் அதே உடையிலதான், மேல ஒரு சால்வையோட. 1948 ஜனவரி 30 சாயங்காலம் டெல்லி பிர்லா மாளிகையில பிரார்த்தனைக்கு நடந்து போனதும் அப்படித்தான். மூணு குண்டு.

14/
அன்னிக்கு அவர் உடம்புல இருந்த துணியோட ஒரு பகுதி, ரத்தக் கறையோட, இன்னிக்கு மதுரையில இருக்கு. தமுக்கம் அரண்மனைக்குள்ள, கண்ணாடிப் பெட்டியில.

மேலமாசி வீதியில எடுத்த முடிவு இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் டெல்லியில முடிஞ்சு, திரும்ப வைகைக் கரைக்கே வந்து சேர்ந்திருக்கு. மாடியில முடிவெடுத்த அந்த வீட்டுலேர்ந்து இந்த அரண்மனைக்கு ஆட்டோவுல போனா கொஞ்ச நேரம்தான்.

15/
"கறை சிவப்பா இல்லையே, பழுப்பா இருக்கே, உண்மையாவே ரத்தமா?"ன்னு பலர் கேப்பாங்க. இதுக்கு மட்டும் கொஞ்சம் மருத்துவம் சொல்லிக்கிறேன்.

ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்குறது ஹீமோகுளோபின். அதோட நடுவுல இரும்பு இருக்கு. உடம்புக்கு வெளிய வந்து காய ஆரம்பிச்சதும் அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் ஆகி, மெத்ஹீமோகுளோபின்னு மாறும். நிறம் பழுப்பாயிடும். சைக்கிள் செயின்ல துரு பிடிக்கும்போது இரும்புக்கு நடக்குறதும் கிட்டத்தட்ட இதே மாதிரி மாற்றம்தான். வருஷம் ஆக ஆக இன்னும் கருக்கும். பழைய ரத்தம் சிவப்பா இருந்தாத்தான் சந்தேகப்படணும்.

16/
பருத்தித் துணிக்கு மூணு எதிரி: வெளிச்சம், ஈரம், பூஞ்சை. இந்த மாதிரி பொருட்களைக் கண்ணாடிக்குள்ள, மங்கலான வெளிச்சத்துல வைக்கிறது அதனாலதான். தயவுசெஞ்சு ஃபிளாஷ் அடிச்சு போட்டோ எடுக்காதீங்க. ஒரு ஃபிளாஷ்ல ஒண்ணும் ஆகாது. வர்றவங்க எல்லாரும் அப்படி நினைச்சா ஆகும்.

17/
இப்போ என் கதை. வெட்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லிடுறேன்.

டாக்டராகிப் புதுசா வேலைக்குச் சேர்ந்த காலம். ஒரு நாள் காலையில ஓபியில நல்ல கூட்டம். உசிலம்பட்டிப் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர் வந்தார். இடுப்புல வேட்டி, தோள்ல துண்டு, சட்டை இல்ல. நான் நிமிர்ந்து கூட பார்க்காம, "ஆஸ்பத்திரிக்கு வரும்போது சட்டை போட்டுட்டு வரக் கூடாதா ஐயா?"ன்னு கேட்டேன்.

அவர் கோபப்படல. "இருக்குறது ஒண்ணுதான் சாமி. நேத்து துவைச்சுப் போட்டது, மழையில காயல"ன்னார். எனக்குப் பதில் வரல. மருந்து எழுதிக் கொடுத்தேன். வாங்கிட்டுக் கும்பிட்டுட்டுப் போனார்.

18/
அதுக்கு அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு, மழைக்கு ஒதுங்கத்தான் காந்தி மியூசியத்துக்குள்ள போனேன். டிக்கெட் எங்கன்னு தேடினேன், இல்லைன்னாங்க. சுதந்திரப் போராட்டப் படங்கள், சின்ன வயசு காந்தி, கோட்டு சூட்டுல காந்தி, ஹிட்லருக்கு "அன்பு நண்பரே"ன்னு எழுதின கடிதத்தோட நகல்னு வரிசையா பார்த்துட்டே வந்து அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னேன்.

கறையைப் பார்த்ததும் டாக்டர் மூளை ஹீமோகுளோபின் கணக்குப் போட்டுச்சு. அது முடிஞ்சதும் அந்தப் பெரியவரோட குரல் கேட்டுச்சு. "இருக்குறது ஒண்ணுதான் சாமி."

19/
பின்னாடி காந்தியோட சுயசரிதையில இதே பதிலைப் பார்த்தேன். 1917, சம்பாரண். ஒரு பொண்ணு அழுக்குப் புடவையோட இருக்காங்க, ஏன் துவைக்கலன்னு கேளுன்னு கஸ்தூரிபாவை அனுப்புறார். அந்தப் பொண்ணு தன் குடிசைக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க. மாத்திக் கட்ட வேற புடவையே இல்ல.

கேள்வி அவர் கேட்டதும் நான் கேட்டதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பதிலும் ஒண்ணுதான். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். அவர் அந்தப் பதிலை மறக்கல. நாலு வருஷம் கழிச்சு மதுரையில சட்டையைக் கழட்டினவர் அதே மனுஷன்.

20/
மதுரைக்கு வாசல் பத்தின கதை இன்னொண்ணும் உண்டு. 1934-ல காந்தி இங்க வந்தப்போ மீனாட்சி கோயிலுக்குள்ள போகல. தாழ்த்தப்பட்ட மக்களை விடாத வாசல் வழியா நானும் போக மாட்டேன்னார். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவங்களைக் கூட்டிட்டு உள்ள போனார். 1946-ல கடைசியா மதுரை வந்தப்போதான் காந்தி அம்மன் சன்னதிக்குப் போனார்.

அவர் கணக்குல, எல்லாரும் போக முடியாத வாசல் வாசலே இல்ல.

21/
அதனாலதான் தமுக்கத்துல டிக்கெட் கவுன்ட்டர் இல்லாததை நான் சாதாரணமா நினைக்கிறதில்ல. ராணிக்கும் கலெக்டருக்கும் மட்டும் திறந்த ஒரு வாசல்ல இன்னிக்கு யார் வேணா நுழையலாம். ஆஸ்பத்திரியில சொந்தக்காரரைச் சேர்த்துட்டு, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எங்க போறதுன்னு தெரியாம நிக்குற கிராமத்துக்காரங்க சில பேரை அங்க பார்த்திருக்கேன். கோரிப்பாளையத்துலேர்ந்து நடந்தே வந்துடலாம். மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காருவாங்க, அப்புறம் செருப்பைச் சரி பண்ணிட்டு மெதுவா உள்ள போவாங்க.

22/
ஆனா இலவசம்னாலே நமக்கு ஒரு இளக்காரம் இருக்கு. மால்ல பார்க்கிங்குக்குக் காசு கொடுத்து பிள்ளைகளைச் சுத்திக் காட்டுறோம். இங்க பல நாள் கூட்டமே இருக்காது. யாருமே போகலைன்னா, ஒரு நாள் "இந்த இடம் எதுக்கு?"ன்னு யாராவது கேப்பாங்க. அப்போ பதில் சொல்ல ஆள் இருக்காது. இலவச ஆஸ்பத்திரிக்கும் இதேதான், இலவச நூலகத்துக்கும் இதேதான். வசதி இருக்குறவன் போறதை நிறுத்தினா, அந்த இடம் கேட்க நாதியில்லாம மெலிய ஆரம்பிக்கும்.

23/
அதனால ஒரு சின்ன வேண்டுகோள். இந்த மாசத்துல ஒரு நாள் போயிட்டு வாங்க. மதியம் சாப்பாட்டு நேரத்துல மூடுவாங்க, அதனால காலையிலயே போயிடுங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா செல்போனை உங்க பையில போட்டுக்கோங்க. ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. திரும்பும்போது மேலமாசி வீதி வழியா வந்து அந்த வீட்டையும் பாருங்க. கீழே கதர் கடை. ஒரு துண்டு வாங்கிக்கோங்க.

24/
அந்தப் பெரியவரை அதுக்கப்புறம் நான் பார்க்கல. ஆனா அன்னிலேர்ந்து ஓபியில யார் எப்படி உடுத்தி வந்தாலும், முதல்ல எழுந்து "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லப் பழகிக்கிட்டேன். அவர்கிட்ட கேக்க வேண்டிய மன்னிப்பை இப்படித் தவணையில கேட்டுட்டு இருக்கேன்.

நீங்க மியூசியம் போயிட்டு வந்தா, எந்தப் பொருள் முன்னாடி அதிக நேரம் நின்னீங்கன்னு கீழே சொல்லுங்க.