வெள்ளியும் பனியும் மண்ணும்

ஓர் ஊரின் வரலாற்றை அதனை ஆண்டோரைக் கொண்டு எழுதுவது பழைய வழக்கம். அவ்வூரில் யார் குடியிருந்தனர், யார் வெளியேற நேர்ந்தது என்று வினவி எழுதுவது மற்றொரு முறை. அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் அமைந்த ஆஸ்பென் நகரின் கதையை இரண்டாம் முறையில் நோக்குவோம்.

அப்பள்ளத்தாக்கு முதலில் யூட் பழங்குடியினரின் வேட்டை நிலம். 1879-இல் வெள்ளி தேடி வந்தோர் அங்கே கூடாரமடித்தனர். தொடக்கத்தில் 'யூட் நகரம்' என்றே அதற்குப் பெயர்; 1880-இல் அப்பெயரும் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே அப்பகுதி யூட் மக்கள் யூட்டாவுக்கு அகற்றப்பட்டனர். மண்ணுக்குரியோர் போயினர்; மண்ணுக்குள் இருந்ததை விரும்பியோர் நிலைத்தனர்.

பத்தே ஆண்டுகளில் நாடக அரங்கும் பெரிய விடுதியும் எழுந்தன. 1892-இல் தூய மரியன்னை ஆலயம் கட்டப்பட்டது. மக்கள்தொகை பத்தாயிரத்தைக் கடந்தது. ஆனால் அச்செல்வத்தின் அடித்தளம் மலையில் இல்லை. தலைநகரில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தில் இருந்தது. அச்சட்டத்தின்படி நடுவண் அரசு மாதந்தோறும் 45 இலட்சம் அவுன்சு வெள்ளியை வாங்கி வந்தது. 1893-இல் அச்சட்டம் நீக்கப்படவே வெள்ளியின் விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தோர் 705 பேர் மட்டுமே.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பனி அவ்வூருக்கு மறுவாழ்வு அளித்தது. 1945-இல் சிகாகோ தொழிலதிபர் வால்டர் பேப்கே அங்கு வந்தார். மலைப்போர்ப் படையில் பணியாற்றிய ஆஸ்திரியர் ஃபிரீடில் ஃபைஃபர் அங்குப் பனிச்சறுக்கு விளையாட்டை வளர்க்க முனைந்தார். 1947 சனவரியில், அந்நாளில் உலகிலேயே மிக நீளமான நாற்காலி இழுவை வண்டி மலைமீது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 1949-இல் கவிஞர் கேத்தேயின் இருநூறாம் பிறந்த ஆண்டு விழாவுக்கு ஆல்பர்ட் சுவைட்சர் வந்து உரையாற்றினார். உடலுக்கு விளையாட்டு, உள்ளத்துக்குக் கலை என்பதே பேப்கேயின் கனவு.

கனவு பலித்தது, கூடவே நிலத்தின் விலையும் ஏறியது. காரணம் எளிது. பள்ளத்தாக்கு குறுகலானது, சுற்றியுள்ள மலைகளில் பெரும்பகுதி அரசின் காடு, எனவே வீடு கட்டும் மனைகள் மிகச் சில. வாங்க வருவோரோ உலகச் செல்வர்கள். 2020-களில் அங்கு ஒரு தனிவீட்டின் சராசரி விலை ஒரு கோடி டாலரைக் கடந்தது. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே விளக்கெரியும் வீடுகள் பல. அவ்வீடுகளைத் துப்புரவு செய்வோரும், சமைப்போரும், அச்செல்வரின் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குக் கற்பிப்போரும் நாற்பது மைல், அதற்கும் அப்பாலிருந்து அதிகாலையில் பேருந்தேறி வருகின்றனர்.

இது விதி என்று அவ்வூரார் வாளாவிருக்கவில்லை. 1982-இல் நகரமும் மாவட்டமும் இணைந்து வீட்டுவசதி அமைப்பொன்றை நிறுவின. அதன் வீடுகளில் குடியேறுவோர் அம்மாவட்டத்திலேயே ஆண்டுக்கு 1,500 மணி நேரமாவது உழைக்க வேண்டும். விற்கும்போது விலையைத் தம் விருப்பம்போல் உயர்த்த இயலாது. வீட்டு விற்பனைகள் மீது விதிக்கப்படும் ஒரு விழுக்காட்டு வரி இப்பணிக்கு உதவுகிறது. இவ்வாறு ஏறத்தாழ மூவாயிரம் வீடுகள் உருவாயின. ஆயினும் ஒரு வீடு காலியானால் குலுக்கலில் பெயர் விழக் காத்திருப்போர் பலர். குறை தீரவில்லை; ஆனால் சந்தையின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு அன்று என்பது நிறுவப்பட்டது.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. 1956-இல் டிராப்பிஸ்ட் துறவியர் ஆஸ்பெனுக்கு அண்மையில் புனித ஆசீர்வாதப்பர் மடத்தை நிறுவினர். செபமும் உழைப்புமாய் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தனர். முதுமையாலும் அழைத்தல் குறைந்ததாலும் மடத்தை மூட முடிவாயிற்று. 2024-இல் 3,700 ஏக்கர் நிலம் விற்பனைக்கு வந்தபோது கேட்கப்பட்ட விலை 15 கோடி டாலர். ஏழ்மை வாக்குத்தத்தம் கொடுத்தோரின் நிலத்திற்கும் சந்தை தன் விலையை எழுதிவிட்டது. அத்துறவியரைக் குறைகூற நாம் துணியோம். ஆனால் திருச்சபையின் கையிலுள்ள ஒவ்வொரு துண்டு நிலத்தைக் குறித்தும் இக்கேள்வி எழாமல் இராது: அது யாருக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது?

ஐம்பதாம் ஆண்டில் நிலம் அதனை இழந்த குடும்பத்திற்கே திரும்ப வேண்டும் என லேவியர் நூல் விதித்தது. நிலம் கடவுளுடையது, மாந்தர் அதில் தங்கியிருப்போர் மட்டுமே என்பதே அவ்விதியின் உட்பொருள். யூட் மக்களுக்கு அத்தகைய ஐம்பதாம் ஆண்டு வரவேயில்லை. அதிகாலைப் பேருந்தில் உறங்கியபடி வரும் உழைப்பாளிக்கேனும் அது வருமா? வெள்ளியும் பனியும் ஓர் ஊரை எழுப்பலாம். அங்கே உழைப்போருக்கு இரவில் தலைசாய்க்க இடமிருக்கும்போதுதான் அது ஊராகிறது.