நெஞ்சுப் படபடப்பும் புழுங்கலரிசியும்

"நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது" என்று யாரேனும் ஒருவர் சொல்லாத வீடு நம் தோட்டப்புறத்தில் இல்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடும்போது அடித்துக்கொள்ளும். பள்ளிக்கட்டணம் கட்ட வழியில்லாத மாதக் கடைசியில் அடித்துக்கொள்ளும். எக்காரணமும் இன்றி நள்ளிரவில் விழித்துப் பார்த்தாலும் அடித்துக்கொள்ளும். உடனே மனம் ஒன்றை மட்டுமே நினைக்கிறது: இது நெஞ்சுவலியோ, இன்றிரவே முடிந்துவிடுமோ என்று. அந்த நினைப்பே படபடப்பை இரட்டிப்பாக்குகிறது. இந்த அச்சம் வீண் அச்சமா, காரணமுள்ள அச்சமா என்பதை அறிய நாம் சுமார் நூற்றிருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏனெனில் நாம் வாழும் இதே மலாயா மண்ணில், நெஞ்சுப் படபடப்பு ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளுக்கு மரணத்தின் முன்னறிவிப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு.

அந்நோயின் பெயர் பெரிபெரி. சிங்களச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது என்றும், "முடியவில்லை, முடியவில்லை" என்பது அதன் பொருள் என்றும் பலர் கூறுவர். நோயைப் பார்த்தால் பெயர் பொருத்தமே. முதலில் கால்கள் மரத்துப்போகும், படியேற முடியாது. சிலருக்குக் கால்கள் சூம்பும். சிலருக்கோ கால்கள் நீர்கோத்து வீங்கும். நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்கும். இருதயம் தாறுமாறாகத் துடிக்கும். மாலையில் பேசிக்கொண்டிருந்தவர் இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, விடிவதற்குள் இறந்துபோவதும் உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரர் இதைக் கண்ணால் பார்ப்பார். மறுநாள் அவருடைய நெஞ்சும் படபடக்கும். அது நோயின் படபடப்பா, பயத்தின் படபடப்பா என்று அவருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பினாங்குத் துறைமுகம் இரண்டு திசைகளிலிருந்தும் ஆட்களை வாங்கிக்கொண்டது. தென்சீனத்திலிருந்து வந்தவர்கள் இங்கிறங்கிப் பேராக் ஈயச் சுரங்கங்களுக்குச் சென்றார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர்கள் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றார்கள். பினாங்கை ஒட்டியுள்ள ஜெரஜாக் தீவில் அடைத்துவைக்கப்பட்ட நாட்களைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இரு கூட்டத்தாரும் ஒரே வெயிலில் உழைத்தார்கள். ஒரே மழையில் நனைந்தார்கள். ஆனால் பெரிபெரி பெரும்பாலும் சீனத் தொழிலாளர்களையே தாக்கியது. தமிழர்களிடையே அது அரிது; கம்பத்து மலாய்க்காரர்களிடையேயும் அரிது. இது அன்றைய வைத்தியர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது.

இது ஒரு கிருமி என்றார்கள் சிலர். கட்டடத்தின் தரையிலும் சுவரிலும் இந்த நஞ்சு குடியிருக்கிறது என்றார்கள் வேறு சிலர். அதனால் சிறைக் கட்டடங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆட்களை இடம் மாற்றிப் பார்த்தார்கள், தரையைக் கழுவினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நோய் போகவில்லை.

இந்தப் புதிரை ஆராய்ந்தவர்களுள் பினாங்கிலேயே பிறந்த ஒருவரும் உண்டு. அவர் டாக்டர் ஊ லியன் தே. 1879ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுனில் பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானவர். 1903இல் நாடு திரும்பிய அவர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஓராண்டு காலம் பெரிபெரியைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு பினாங்கு வந்து, நமக்கெல்லாம் நன்கு பழக்கமான சூலியா தெருவில் மருத்துவம் பார்த்தார். பின்னாளில் மஞ்சூரியாவில் 1910-11இல் பரவிய கொள்ளைநோயை அடக்கி உலகப்புகழ் பெற்றவர் இவரே. ஆயினும் பெரிபெரியின் முடிச்சு அவர் கையில் அவிழவில்லை. அது அவிழ்ந்தது சோற்றுப் பானையில்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர், யார் யார் என்ன அரிசி உண்கிறார்கள் என்று கவனித்தார். சீனத் தொழிலாளிக்குக் கிடைத்தது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. கம்பத்து மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சமைத்தார். தமிழரோ ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கலரிசிச் சோறே உண்டார். சோறு வெள்ளையாக இருந்த இடத்தில்தான் நோய் இருந்தது. 1907இல் பிராடன் இதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் கருதினார். காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் இடத்தைச் சரியாகக் காட்டிவிட்டார்.

கோலாலம்பூரில் மனநோயாளிகள் விடுதியில் 1905இல் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அங்கே டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை செய்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நோயாளிகள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்ணில் நின்றவர்கள் முற்றத்தின் கிழக்குப் பகுதிக்கு. இரட்டைப்படையில் நின்றவர்கள் மேற்குப் பகுதிக்கு. இரண்டு பகுதிகளும் அச்சாக ஒன்றே போன்றவை. கறி, மீன், உப்பு எல்லாம் ஒன்றே. கிழக்கே பச்சரிசி, மேற்கே வங்காளத்துப் புழுங்கலரிசி. அவ்வளவுதான் வேறுபாடு. ஓராண்டு சென்றது. பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி வரிசையாக வந்தது. அவர்களில் பதினெட்டுப் பேர் அந்நோயால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை.

இந்தச் சோதனையை மருத்துவ வரலாறு போற்றுகிறது. போற்றட்டும். ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரையும் யாரும் கேட்டு நிறுத்தவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வரிசையில் ஓரடி தள்ளி நின்றிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். தம் நெஞ்சு ஏன் துடிக்கிறது என்று எடுத்துச் சொல்லவும் இயலாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

அடுத்து பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானில் துரியான் தீப்பூஸ் என்ற காட்டுப் பகுதிக்குச் சென்றார்கள். அங்கே சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்கள் சுமார் முந்நூறு பேர். ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள், அவர்களுக்கும் தெரிவு என்று ஒன்றும் இல்லை. இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, மறுபிரிவுக்குப் புழுங்கலரிசி கொடுத்தார்கள். மூன்று மாத அளவில் வெள்ளையரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் புதிதாக யாருக்கும் வரவில்லை. அரிசியில் நஞ்சு இல்லை, தீட்டும்போது எதையோ இழந்துவிடுகிறோம் என்பது இவர்களுடைய ஆய்வால் உறுதியாயிற்று. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பநாட்டு மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் செய்தது.

இழந்தது என்ன? ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தவிடு நீக்கிய அரிசி தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதை 1890களிலேயே கண்டிருந்தார். 1926இல் அதே ஜாவாவில் இருவர் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. தயாமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் சொல்லப்படும் அந்தச் சத்து இல்லாவிட்டால், சோற்றில் உள்ள மாவுப்பொருளை எரித்துச் சக்தியாக்க உடலால் முடியாது. இரவும் பகலும் ஓயாமல் உழைக்கும் உறுப்பு இருதயம். ஆகவே அதுவும் தள்ளாடுகிறது.

இந்தச் சத்து நெல்லின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரோடு கலந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. குத்தும்போது அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பதற்காக நம் பாட்டிமார்கள் நெல்லை அவித்தார்கள். சத்தைப் பற்றி அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த அவியல் அண்டா ஒரு தலைமுறையைக் காப்பாற்றியது.

இதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொண்டே இருந்துவிட முடியாது. பெரிபெரியிலிருந்து தப்பிய தமிழர், மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். கொக்கிப்புழு பலரைச் சோகை பிடிக்க வைத்தது. செருப்பில்லாத கால் வழியே உடம்பில் ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிலையத்தின் ஆய்வுக்குழு ஒன்று அதை ஆராய்வதற்காகவே மலாயாவுக்கும் வந்தது. இரத்தம் குறைந்தால், இருக்கும் இரத்தத்தை வேகமாகச் சுற்றவைக்க இருதயம் கூடுதலாகத் துடிக்கிறது. "சோம்பேறி" என்று கங்காணியிடம் ஏச்சு வாங்கிய எத்தனையோ பேர், படபடக்கும் நெஞ்சோடு மரத்தடியில் உட்கார்ந்த சோகை நோயாளிகளே.

புழுங்கலரிசியின் காவலும் ஒருநாள் உடைந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள். அரிசிக் கப்பல் நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சயாம்-பர்மா ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் வெள்ளையரிசி மட்டுமே. அங்கே தமிழரையும் பெரிபெரி விடவில்லை. காலராவும் மலேரியாவும் தின்றது போக, கால் வீங்கி மூச்சு முட்டியும் இறந்தார்கள். பல்லாயிரவர் திரும்பவேயில்லை.

இனி அச்சத்தின் கதைக்கு வருவோம். நோயில்லாத இருதயமும் படபடக்கும் என்பதை மருத்துவ உலகம் போர்க்களத்தில் கற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பு, நெஞ்சுவலி, களைப்பு என்று வந்த போர்வீரர்களைக் கவனித்த டா காஸ்டா என்ற மருத்துவர், 1871இல் அதைப் பற்றி எழுதினார். முதல் உலகப்போரில் பிரிட்டனிலும் இதே நிலை. போர்வீரரை மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தினார்கள். அவர்களோ தமக்கு இருதயநோய் என்று நம்பி மேலும் தளர்ந்தார்கள். தாமஸ் லூயிஸ் என்ற இருதய வல்லுநர், சோதித்துப் பார்த்தபின் அவர்களைப் படிப்படியாக உடற்பயிற்சியில் ஈடுபடுத்தினார். பலர் தேறி எழுந்தார்கள்.

அச்சம் வேலை செய்யும் விதம் இதுதான். பயந்தவுடன் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது இருதயத்தை விரட்டுகிறது. துடிப்பைக் கேட்டு மனம் மேலும் பயப்படுகிறது. பெரிபெரி விடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நேர்ந்ததும் ஓரளவு இதுவே. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டிலுள்ளவர்கள் தள்ளிவிடுவது தவறு, துடிப்பு உண்மையானதே. ஆனால் உண்மையான துடிப்பெல்லாம் ஆபத்தான துடிப்பு அல்ல.

ஆகையால் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். 1900களின் தொடக்கத்தில் ஐந்தோவன் கண்டுபிடித்த இ.சி.ஜி. கருவி இப்போது சாதாரண மருத்துவமனைகளிலும் உண்டு. ஒருநாள் முழுதும் உடம்பில் கட்டிக்கொண்டு நடமாடும் ஹோல்டர் கருவியும் உண்டு. வந்து வந்து மறையும் படபடப்பை அது பிடித்துவிடும். இரத்தச்சோகை, தைராய்டுக் கோளாறு இரண்டையும் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். பெரிபெரி அடியோடு ஒழிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். சம்சுவே உணவு என்று ஆகிவிட்டவர்களுக்கு அது இன்றும் வருகிறது. மது அந்தச் சத்தை உடம்பில் ஏறவிடுவதில்லை.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கால்வீக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்திருந்தாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவை எதுவும் இல்லை, சோதனையிலும் குறையில்லை என்றால், காப்பியைக் குறைத்து, உறக்கத்தைச் சரிசெய்து, வழக்கம்போல் நடந்து வேலை செய்வதில் தடையில்லை. படபடப்பு வரும்போது உட்கார்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடலாம். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத் துடிப்பை எண்ணலாம். சும்மா இருக்கும்போது அறுபது முதல் நூறு வரை இயல்பு. எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, சீராக அடித்ததா, விட்டுவிட்டு அடித்ததா என்று பிள்ளைகளின் பழைய நோட்டில் குறித்துக்கொண்டு போனால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.